நீர்க்கோழி விலகவில்லை

காவல் நிலையக் காபி வாயில் வைக்க விளங்காது என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படி ஒன்றும் மோசமில்லை, மேடம். சூடாக இருக்கிறது, சர்க்கரையைத் தனியாகத் தந்திருக்கிறீர்கள், பக்கத்தில் ஒரு பிஸ்கட்டும் இருக்கிறது. ஊரார் சொல்வதைச் சரிபார்க்காமல் நம்பக் கூடாது என்று நான் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். யாரும் கேட்பதில்லை.

என் பெயர் ஃபோல்கெர்ட். பகலில் நில அளவைப் பதிவகத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் திறந்த களஞ்சியத்துக்குத்தான். இணையத்தில் யார் வேண்டுமானாலும் வந்து எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யாருக்கும் சம்பளம் கிடையாது. உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பாடத்துக்கு அதைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள். அதில் நான் நிர்வாகிகளில் ஒருவன். பத்திரிகைத் தொடர்பாளனும் நான்தான். பத்திரிகைக்காரர்கள் எதையாவது கிளப்பிவிட்டால் பதில் சொல்வது என் பொறுப்பு. அந்தப் பொறுப்பை யாரும் என் தலையில் கட்டவில்லை, நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் மாதத்தை நம் ஊரில் வெள்ளரிக்காய்க் காலம் என்கிறோம். மந்திரிகள் விடுமுறையில் போய்விடுவார்கள், பத்திரிகையில் போட ஒன்றும் இருக்காது. அப்போது ஆண்டுதோறும் யாராவது ஒருவர் எங்களைத் தோண்டி எடுப்பார். களஞ்சியம் செத்துக்கொண்டிருக்கிறது, தன்னார்வலர்கள் ஓடுகிறார்கள் என்று அரைப் பக்கம் எழுதுவார். இந்த வருஷம் எழுதியவர் யோரிஸ் என்ற இளைஞர். மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் காணாமல் போய்விட்டார்களாம். அதற்குச் சாட்சியாக, பெயர் சொல்லாத ஒரு பெண். தாழ்நிலங்களிலிருந்து தண்ணீரை இறைத்து வெளியேற்றும் பம்ப் நிலையங்களைப் பற்றி நிறைய எழுதியவர் என்று அறிமுகம் செய்திருந்தார். அந்தப் பெண் சொன்னதாக இப்படி ஒரு வரி: "உள்ளே ஆள் இல்ல, ஆனா வாசல்ல ஒரு நாய் இருக்கு. வர்றவங்களையெல்லாம் குரைச்சே துரத்துது. நானும் போயிட்டேன்."

நாய் யார் என்பது எங்கள் களஞ்சியத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். பெண் யார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அவர் ரென்ஸ்கே. எங்கள் தளத்தில் அவர் பெயர் நீர்க்கோழி. மாதம் ஒரு முறை உட்ரெக்ட் நூலகத்தின் மாடியில் நாங்கள் கூடுவோம். அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே போகும் படகுகளைப் பார்த்துக்கொண்டு, வாய் திறக்காமல் சீஸ் ரொட்டி தின்பார். நாட்டில் உள்ள அத்தனை பம்ப் நிலையத்துக்கும் ஒரு கட்டுரை எழுதிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. நன்றாகவே எழுதினார். ஆனால் பாதி விஷயத்துக்கு ஆதாரம் தர மாட்டார். 'இங்கே வேலை செய்தவர் சொன்னார்' என்பார். ஒருவர் சொன்னால் அது ஆதாரம் ஆகுமா? அழித்தேன். மறுபடி போட்டார். மறுபடி அழித்தேன். இதைப் பகை என்று சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் அதைத்தான் செய்தேன்.

ஒரு நாள் என்னைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றார். ஸ்வோல் ரயில் நிலையத்தில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். அவர் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"நான் சொல்றது உங்களோட இருக்கணும்."

"சொல்லுங்க."

"என் புருஷன் கெர்லோஃபை விட்டுட்டு வந்துட்டேன். மூணு வீடு மாறியாச்சு. போன தடவை எப்படிக் கண்டுபிடிச்சான் தெரியுமா? களஞ்சியத்துல நான் போட்ட படத்தை வெச்சு. நீர்க்கோழி நான்தான்னு அவனுக்குத் தெரியும். டெர்னியூசன்ல அவன் வீட்டுல உக்காந்துக்கிட்டு, நான் எழுதறதை ஒண்ணு விடாம படிக்கறான்."

"போலீஸுக்குப் போகலையா?"

"போகாம? புது முகவரியை யாருக்கும் தெரியாம வெச்சுக் குடுத்திருக்காங்க. இந்தத் தடவை கையில சிக்கினா கொன்னுடுவான், ஃபோல்கெர்ட். வாய்ப்பேச்சுன்னு நினைச்சுடாதீங்க." காதோரத்து முடியை ஒதுக்கினார். தையல் போட்ட தழும்பு.

"அப்ப கொஞ்ச நாள் எழுதாம இருந்துடலாமே."

"எனக்குன்னு மிஞ்சினது அது ஒண்ணுதாங்க. அதையும் அவன்கிட்ட விட்டுக்குடுக்கணுமா?"

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய பெயரை விட்டுவிட்டு ஒருவர் புதுப் பெயரில் முதலிலிருந்து தொடங்கலாம். கள்ளத்தனம் இல்லை என்பதற்காக, நிர்வாகி ஒருவரிடம் மட்டும் இரண்டு பெயரையும் சொல்லிவிட வேண்டும். அந்த நிர்வாகி அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அவர் என்னைத் தேர்ந்தெடுத்தார். ஏன் நான் என்று கேட்டேன்.

"உங்களை எனக்குப் பிடிக்காது. ஆனா விதியை மீற மாட்டீங்க" என்றார்.

அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வாக்குக் கொடுத்தேன். நீர்க்கோழி நின்றது. சில வாரங்களில் நாணல் என்ற பெயரில் ஒருவர் பம்ப் நிலையங்களைப் பற்றி எழுத வந்தார். அவர் எழுதியதையும் நான் அழித்தேன், தேவைப்பட்டபோது.

இப்போது யோரிஸின் கட்டுரைக்கு வருவோம். என் கோபம் எதற்கு என்று நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாய் என்றதற்கு இல்லை. என்னிடம் கணவனால் போகிறேன் என்றவர், பத்திரிகையிடம் என்னால் போனேன் என்கிறார். அதுவும் போகவே இல்லை. முந்தின நாள்கூட நாணல் ஒரு கட்டுரையைத் திருத்தியிருந்தார். இரண்டு பொய். அரைப் பக்கத்துக்கு அச்சாகி, ரயிலில் எல்லோரும் படிக்கிறார்கள். பதிவகத்தில் என் மேலாளர் மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது, மேடம். அதை மறைத்துப் பயனில்லை.

யோரிஸுக்குத் தொலைபேசி செய்தேன். மரியாதையாகத்தான் தொடங்கினேன்.

"நீங்க எழுதினது தப்பு. பெயர் மாத்திக்கிட்டு எழுதறவங்களையெல்லாம் போனவங்கன்னு எண்ணியிருக்கீங்க."

"எண்ணிக்கை உங்க தளத்துலயே இருக்கே சார். நான் எண்ணல, நீங்க எண்ணி வெச்சதுதான்."

"அந்தப் பெண் சொன்னது?"

"அந்தம்மாவே போயிட்டேங்கறாங்க. அதுக்கு மேல என்ன சார் வேணும்?"

"அவங்க போகல."

"அப்படியா? எங்க, காட்டுங்க பார்ப்போம். ஒரே ஒருத்தர். போகலைன்னு ஆதாரம் காட்டுங்க, உடனே திருத்தம் போடறேன்." அப்புறம் வாய்க்குள் சிரிப்பது கேட்டது. "சார், தப்பா நினைக்காதீங்க. வாசல்ல நிக்குதுன்னு சொன்னது உங்களைத்தானா?"

ஆதாரம் காட்டு என்கிறான். என்னிடம். வேறு யாரிடம் வேண்டுமானாலும் அவன் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கலாம்.

எங்கள் தலைவர் ஓன்னோ நல்ல மனிதர், பெரிய வயிறு, பெரிய குரல். அந்த வாரம் வந்த மாதக் கூட்டத்தில் நான் மறுப்பு எழுதப் போவதாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

"விடுடா ஃபோல்கெர்ட். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வெள்ளரிக்காய் தீர்ந்தா அவனே வேற கதைக்குப் போயிடுவான். எண்ணிக்கை குறைஞ்சிருக்கு, உண்மைதான், ஆட்களை வரவேற்கறோம்னு ரெண்டு வரி எழுதி முடி."

"குறையல."

"குறைஞ்சிருக்குடா. ஏன் குறைஞ்சுதுன்னு கேக்கறியா? புதுசா ஒருத்தன் வந்து ஆசையா ஒரு கட்டுரை போட்டா, அவன் டீயைக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள நீ அழிச்சுடறே. ஒருத்தனுக்காவது வாங்கன்னு சொல்லியிருக்கியா? ஒரே ஒரு தடவை?"

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நான் என் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பிறகு எழுதினேன். தலைப்பு: நீர்க்கோழி விலகவில்லை. களஞ்சியத்தின் பொது அறிவிப்புப் பக்கத்தில், யார் கண்ணிலும் படும் இடத்தில். நீர்க்கோழி எழுதிய பத்திகளையும் நாணல் எழுதிய பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதே நடை, அதே பிழைகள். இரண்டு பெயரிலும் அதே கேமரா. பிறகு படங்கள். நாணல் போட்ட நூற்றுக்கணக்கான படங்களில், வெஸ்டர்ஸெய்ல் என்ற சிற்றூரின் பம்ப் நிலையம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. பனியில், வெயிலில், வாய்க்கால் உறைந்தபோது, கரையில் புல் வெட்டியபோது. எல்லாம் ஒரே உயரத்திலிருந்து, ஒரே ஜன்னலிலிருந்து. வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள், அவை நூறு ஊர்ப் படங்களுக்கு நடுவே சிதறிக் கிடந்தன. நான் எடுத்து வரிசையாக அடுக்கினேன். 'இவர் போகவில்லை, வீட்டு ஜன்னலிலிருந்தே நமக்காக உழைக்கிறார்' என்று முடித்தேன். பாராட்டாகத்தான் எழுதினேன்.

அவர் உண்மைப் பெயரை நான் எழுதவில்லை. முகவரி எழுதவில்லை. அந்த மறுப்பில் பொய் என்று ஒரு வரியை உங்களால் காட்ட முடியாது.

அன்று மாலையே அவர் அழைத்தார். திட்டவில்லை, திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எடுத்துடுங்க. தயவுசெஞ்சு எடுத்துடுங்க, ஃபோல்கெர்ட்."

"பத்திரிகைல அப்படிச் சொன்னது ஏன்?"

"தப்புத்தான். கோபத்துல சொல்லிட்டேன். நீங்க அன்னிக்கும் என் கட்டுரையை அழிச்சிருந்தீங்க, அழுகையா வந்துச்சு, அந்தப் பையன் பரிவாக் கேட்டான், சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க. அவன் படிப்பான்ங்க. கெர்லோஃப் படிப்பான். எனக்கு வேற வீடு கிடைக்க நாள் ஆகும். அது வரைக்குமாவது எடுத்து வைங்க."

அவரிடம் உண்மையைச் சொன்னேன். பொதுப் பக்கத்தில் வந்ததை ஒருவர் கேட்டார் என்பதற்காக எடுக்க முடியாது. எடுக்கலாமா வேண்டாமா என்று விவாதம் வைக்க வேண்டும், ஒரு வாரம் திறந்திருக்கும், யாரும் கருத்துச் சொல்லலாம். அவருக்காக அந்த விவாதத்தை நானே தொடங்கி வைக்கிறேன் என்றேன்.

"உங்களால ஒரு அமுக்குல எடுக்க முடியும். எனக்குத் தெரியும்."

"முடியும். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. அதுக்காகத்தானே என்னைத் தேர்ந்தெடுத்தீங்க?"

போனை நான்தான் வைத்தேன்.

சொன்னபடி விவாதத்தைத் தொடங்கினேன். விவாதம் என்றால் தளத்தின் முதல் பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பட்டை வரும், அதனால் இன்னும் நிறையப் பேர் வந்து பார்த்தார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை, அது தளத்தின் அமைப்பு. எடுக்க வேண்டும் என்று ஓன்னோ எழுதினார். காரணம் தெரியாமலே, "இது அசிங்கமா இருக்குடா" என்று மட்டும் எழுதினார். அசிங்கம் என்பது ஒரு காரணம் ஆகாது என்று பதில் போட்டேன். நான் எந்தப் பக்கமும் கருத்துப் பதியவில்லை. எழுதியவனே நடுவராக இருக்கக் கூடாது அல்லவா?

அந்த வாரத்தில்தான் புதியவர் ஒருவர் வந்தார். பெயர் கற்றுக்குட்டி. நல்ல பணிவு. பம்ப் நிலையங்களில் தனக்கு ஆர்வம் உண்டு என்றும், களஞ்சியத்தில் எழுதிப் பழக வேண்டும் என்றும் சொன்னார். மறுப்பு அப்படியே இருக்கட்டும், எடுக்க வேண்டாம் என்று விவாதத்தில் எழுதினார். பிறகு தளத்தில் என் பெயரில் உள்ள பக்கத்துக்கு வந்து ஒரு சந்தேகம் கேட்டார். அந்தப் படங்கள் அருமையாக இருக்கின்றன, தானும் அதே கோணத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும், அந்த ஜன்னல் வாய்க்காலின் எந்தக் கரையில் இருக்கும் என்றார்.

நில அளவை என் தொழில். நிழல் விழும் பக்கம், பாலத்தின் கைப்பிடி தெரியும் கோணம், வரைபடம், இவ்வளவு போதும். எனக்கு அது ஒரு காபி குடிக்கும் நேரத்து வேலை. வடகரை, பாலத்திலிருந்து மூன்றாவது வீடு, மேல்மாடி என்று பதில் எழுதினேன். வருக என்றும் எழுதினேன். ஒருத்தனுக்காவது வாங்கன்னு சொல்லியிருக்கியா என்று ஓன்னோ கேட்டார் அல்லவா. சொன்னேன்.

யோரிஸ் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார், அதைச் சொல்லியாக வேண்டும். உள்பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு திருத்தம் வந்தது. எங்கள் கட்டுரையில் விலகியவராகக் குறிப்பிடப்பட்டவர் தொடர்ந்து பங்களிக்கிறார் என்று. அதை வெட்டி மேலாளரின் மேசையில் வைத்தேன். அன்று எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

பிறகு நடந்ததை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். வெஸ்டர்ஸெய்ல் பம்ப் நிலையத்தில், தண்ணீரோடு வரும் குப்பையைத் தடுக்கிற கம்பிகளில், ரென்ஸ்கேயைக் கண்டெடுத்தார்கள். வீட்டில் அவர் மூட்டை கட்டி வைத்திருந்தாராம். வேறு வீடு கிடைத்திருந்தது, மறுநாள் கிளம்ப வேண்டியது. கெர்லோஃப் வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்திருந்தார் என்று கேள்விப்பட்டேன். ஓடக்கூட இல்லை.

யாரோ ஒருவர் உடனே வந்து, வெஸ்டர்ஸெய்ல் கட்டுரையில் அந்தச் சாவைச் சேர்த்தார். அழித்தேன். அப்போது பத்திரிகையில் வந்திருக்கவில்லை, ஆதாரம் இல்லை. வந்த பிறகு நானே சேர்த்தேன், முறையான அடிக்குறிப்போடு. அழித்ததற்கு என்னைக் கல்நெஞ்சன் என்று திட்டினார்கள். சேர்த்ததை யாரும் பார்க்கவில்லை.

ஓன்னோ என் வீட்டுக்கு வந்தார். காலணியைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றார். பெரிய குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா? அந்தப் பொண்ணு ஒளிஞ்சு வாழறது தெரியுமாடா?"

"தெரியும். சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன்."

"வாக்கு" என்றார். இன்னொரு முறை சொன்னார், "வாக்கு." பிறகு கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனார். வீடெல்லாம் குளிர்ந்துவிட்டது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். கொன்றது கெர்லோஃப், அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அவரிடம் நீங்கள் கேட்டுவிட்டீர்கள். என்னிடம் இன்று காலையிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் சுற்றி வளைத்துப் பேசுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அப்படியில்லை, வரிசைப்படி சொன்னால்தான் சரியாக விளங்கும். இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

யார் எந்த ஊர் இணைப்பிலிருந்து எழுதுகிறார்கள் என்று பார்க்கும் உரிமை எங்கள் நிர்வாகிகளில் சிலருக்கு உண்டு. எனக்கு உண்டு. கற்றுக்குட்டி கேள்வி கேட்டதும் பார்த்தேன். பதில் எழுதிய பிறகு இல்லை, எழுதுவதற்கு முன்பே பார்த்தேன். இணைப்பு டெர்னியூசனிலிருந்து வந்திருந்தது. அவர் யார் என்று எனக்குத் தெரியும். எதற்காக ஜன்னலைக் கேட்கிறார் என்றும் தெரியும். தெரிந்துகொண்டு, பாலத்திலிருந்து வீடுகளை எண்ணி, சரிபார்த்து, எழுதினேன்.

அதற்கும் காரணம் கேட்பீர்கள். பணிவாகக் கேட்கும் ஒரு புதியவரை நான் விரட்டியிருந்தால், அதையும் யோரிஸ் எழுதியிருப்பார். களஞ்சியத்தைக் காப்பாற்ற ஒருவனாவது இருக்க வேண்டும்.

அந்த மாதக் கணக்கு வெளிவந்த அன்று நான் வேறு எதையும் பார்க்கவில்லை, அதைத்தான் முதலில் பார்த்தேன். ஒருவர் போயிருந்தார், ஒருவர் புதிதாக வந்திருந்தார். எண்ணிக்கை குறையவில்லை, மேடம்.